அரசின் திறந்த தரவை நிரல் வழியாக எடுப்பது: எது முதலில், எது பிறகு

அரசுத் தளங்களில் திறந்த தரவாகக் கிடக்கும் கோப்புகளை ஒரு நிரல் தானாக எடுத்து, ஒழுங்குபடுத்தி, மற்ற நிரல்களும் ஆட்களும் நம்பிப் பயன்படுத்தும்படி கொடுக்க வேண்டும். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. புதிதாக வருகிறவர்கள் பலரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நிரல் எழுத நன்றாகவே வரும். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேலையில் சத்தம் போடும் பிழைக்குப் பயப்பட வேண்டாம். நிரல் நின்றுவிட்டால் நாமே போய்ப் பார்ப்போம். சத்தமே இல்லாத பிழைதான் ஆபத்து: நிரல் பாட்டுக்கு ஓடும், கோப்பு உருவாகும், வரைபடம் அழகாக வரும், எண் மட்டும் தப்பாக இருக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அப்படி ஒரு பிழையைப் பிடிக்கத்தான்.

1. நிரலைத் தொடும் முன் வேண்டியவை

பைத்தானோ 'ஆர்' மொழியோ ஜாவாஸ்கிரிப்டோ, உங்களுக்குப் பழகிய மொழி எதுவானாலும் சரி. அதோடு, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் காட்டும் ஒரு எழுத்துத் திருத்தி, நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட், மூலக்கோப்புகளைப் போட்டுவைக்கப் போதுமான இடம். எக்செலை இந்தக் கட்டத்தில் திறக்காதீர்கள். காரணத்தை 7-ஆம் படியில் சொல்கிறேன்.

இதைவிட முக்கியமான முன்தேவை ஒரு சாதாரணக் குறிப்புக் கோப்பு. அதில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, இந்தத் தரவை வைத்து என்ன கேள்விக்கு விடை தேடுகிறேன் என்பது. இரண்டாவது வரி, இந்த அட்டவணையில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பது. ஒரு பள்ளியா, ஒரு பள்ளியின் ஒரு வருடமா, ஒரு வகுப்பா? இரண்டாவதற்கு உடனே விடை தெரியாது, 4-ஆம் படியில்தான் தெரியும். ஆனால் அந்த இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும், ஏனென்றால் இது தெரியாமல் கூட்டிய எந்தக் கூட்டலையும் நம்ப முடியாது.

2. பக்கத்தை விட்டுவிட்டு மூலத்தைப் பிடியுங்கள்

பெரும்பாலானோர் தளத்தில் ஒரு அட்டவணையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தை வரையும் குறிமொழியை, நிரலால் கீறி எடுக்கத் தொடங்குகிறார்கள். அந்த அட்டவணைக்குப் பின்னால் ஏறக்குறைய எப்போதும் வேறொரு மூலம் இருக்கும். உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடி பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஜேசன் என்ற தரவு வடிவில் பதில் வரும் கோரிக்கை ஒன்று கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது.

தளம் எந்த மென்பொருளில் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது அடுத்தது. பல அரசுத் தரவுத் தளங்கள் சிகேன் என்ற திறமூல மென்பொருளில் ஓடுகின்றன. சில சோக்ராட்டாவில், வரைபடத் தரவு பெரும்பாலும் ஆர்க்ஜிஐஎஸ் சேவையகத்தில். இது தெரிந்துவிட்டால் அந்தத் தளத்துக்கென்று தனி ஆவணம் இல்லாவிட்டாலும் கவலையில்லை, அந்த மென்பொருளின் பொதுவான ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வழி) ஆவணமே போதும். ஒரு சிகேன் தளத்துக்கு எழுதிய நிரல், முகவரியை மட்டும் மாற்றினால் இன்னொரு சிகேன் தளத்திலும் பெரும்பாலும் ஓடும்.

பல வழிகள் திறந்திருந்தால் என் தேர்வு இந்த வரிசையில்: முழுத் தொகுப்பாகப் பதிவிறக்கும் கோப்பு, அப்புறம் ஏபிஐ, அப்புறம் பக்கத்தைக் கீறுவது, வேறு வழியே இல்லையென்றால் பிடிஎஃப். ஏபிஐதான் நவீனமானது என்று நினைத்து அதில் குதிக்கிறவர்கள் அதிகம். ஆனால் முழுத் தரவும் வேண்டுமென்றால் முழுக்கோப்பே மேல். அது ஒரே நேரத்தில் எடுத்த படம் மாதிரி. ஏபிஐயில் 200 பக்கம் புரட்டும்போது நடுவில் யாராவது தரவைப் புதுப்பித்தால் பாதி பழையது, பாதி புதியது என்று வந்து சேரும். சின்னத் துண்டு மட்டும் வேண்டும், அல்லது தரவு மணிக்கொரு முறை மாறுகிறது என்றால் ஏபிஐ சரி.

3. உரிமம், சாவி

சுருக்கமாக முடித்துவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. தொகுப்பின் உரிமத்தைப் படித்து, அதை எடுத்த தேதியோடு குறிப்புக் கோப்பில் எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பிஒய் 4.0 என்றால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒரு தளத்துக்குள்ளேயே தொகுப்புக்குத் தொகுப்பு உரிமம் மாறுவது சகஜம். எல்லாம் முடித்து வெளியிடும் நாளில் இதைத் தேடினால், ஒரே ஒரு தொகுப்புக்காக முழு வேலையையும் பிரிக்க வேண்டி வரும்.

தளம் உங்களை அடையாளம் காணத் தரும் ஏபிஐ சாவி தேவைப்பட்டால் அதை நிரலுக்குள் எழுதாதீர்கள். நிரலுக்கு வெளியே, கணினியின் சூழல் மாறியில் வையுங்கள். கிட்டில் ஒரு முறை ஏறிவிட்ட சாவி, அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த பதிவில், அழித்தாலும் வரலாற்றில் அப்படியே இருக்கும். தெரியாமல் ஏற்றிவிட்டால் அந்தச் சாவியை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி.

4. முதல் 50 வரியையும் கடைசி 50 வரியையும் கண்ணால் படியுங்கள்

நிரலால் இல்லை, உங்கள் கண்ணால். முதல் வரிகளில் தெரிவது: தலைப்பு ஒரு வரியா இரண்டு வரியா, பிரிப்புக்குறி காற்புள்ளியா அரைப்புள்ளியா, மேலே விளக்கக் குறிப்பு ஏதும் ஒட்டியிருக்கிறதா. கடைசி வரிகளை யாருமே பார்ப்பதில்லை, அங்கேதான் 'மொத்தம்' என்ற வரி உட்கார்ந்திருக்கும். அதையும் சேர்த்துக் கூட்டினால் விடை சரியாக இரண்டு மடங்கு. மாவட்டம், மாநிலம், நாடு என்று மூன்று அடுக்கும் ஒரே அட்டவணையில் கலந்திருந்தால் மூன்று மடங்கு.

வரிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். சில்லறை இல்லாத எண்ணாகவோ ஒரு மென்பொருளின் எல்லையாகவோ வந்தால் சந்தேகப்படுங்கள். 100, 1000, 2000 என்றால் ஏபிஐயின் எல்லை அது. 65,536 என்றால் பழைய எக்செல் வடிவத்தின் எல்லை, 1,048,576 என்றால் புதியதன் எல்லை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் கொரோனாக் கணக்கிலிருந்து 15,841 தொற்றுகள் விடுபட்டது இந்தப் பழைய வடிவத்தின் எல்லையில் முட்டித்தான். கோப்பு நிரம்பியது, மீதி வரிகள் விழுந்தன, நிரல் நிற்கவே இல்லை.

இப்போது குறிப்புக் கோப்புக்குத் திரும்பி அந்த இரண்டாவது வரியை நிரப்புங்கள்: ஒரு வரி என்பது இன்னது. எந்த நெடுவரிசைகள் சேர்ந்தால் ஒரு வரி தனித்துவமாகிறது என்பதையும் எழுதுங்கள். 8-ஆம் படிக்கு இது வேண்டும்.

5. மூலக்கோப்பை வந்தபடியே வையுங்கள்

இறக்கும் நிரலும் சுத்தம் செய்யும் நிரலும் தனித்தனியாக இருக்க வேண்டும். இறக்கும் நிரல் கோப்பில் ஒரு பைட்டைக்கூடத் தொடக்கூடாது. வந்ததை வந்தபடி எழுதி, பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பில் முகவரி, எடுத்த தேதி நேரம், ஷா-256 கைரேகை (கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் ஒரு குறியீடு) மூன்றையும் பதிய வேண்டும். சுத்தம் செய்யும் நிரல் அந்தக் கோப்பை மட்டும் படிக்கும், வலையைத் தொடாது.

இதற்கு இரண்டு காரணம். சுத்தம் செய்வதில் தப்பு செய்வீர்கள், எல்லோரும் செய்வோம். மூலம் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி ஓட்டலாம். இல்லையென்றால் மறுபடி இறக்க வேண்டும், இதற்குள் அந்தக் கோப்பு மாறியிருக்கலாம், காணாமலும் போயிருக்கலாம். நான் ஒரு முறை நான்கு மாதத் தரவை நேரடியாகச் சுத்தம் செய்து சேமித்துவிட்டு, தேதி நெடுவரிசையைத் தப்பாகப் படித்திருப்பதை ஐந்தாம் மாதம் கண்டுபிடித்தேன். பழைய கோப்புகள் அந்தத் தளத்தில் இல்லை. அந்த நான்கு மாதம் போனது போனதுதான்.

இறக்கியதும் இன்னொன்றைச் சோதியுங்கள்: வந்தது உண்மையிலேயே நீங்கள் கேட்டதுதானா? 'பராமரிப்பு நடக்கிறது' என்ற பக்கத்தை 200 என்ற வெற்றி எண்ணோடு அனுப்பும் தளங்கள் இருக்கின்றன. உங்கள் நிரல் அதையும் சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளி போன்ற குறியால் பிரித்த எழுத்துக் கோப்பு) என்று நம்பிச் சேமித்துவிடும். முதல் சில எழுத்துகள் எச்டிஎம்எல் குறியா என்று பார்த்து, அப்படியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

6. பக்கம் பக்கமாக எடுக்கும்போது

இங்கே விழாத ஆளை நான் பார்த்ததில்லை. ஏபிஐகள் கேட்ட எல்லாவற்றையும் ஒரே தடவையில் தருவதில்லை. சிகேனின் தொகுப்புத் தேடல் இயல்பாக 10 தொகுப்புகளைத் தரும். அட்டவணையின் வரிகளைத் தரும் அதன் டேட்டாஸ்டோர் தேடல் இயல்பாக 100 வரிகள் தரும், தளத்தின் நிர்வாகி மாற்றாதவரை 32,000 வரைதான் கேட்க முடியும். சோக்ராட்டாவின் வழக்கமான ஏபிஐ, எவ்வளவு வேண்டும் என்று சொல்லாவிட்டால் 1000 வரியோடு நின்றுவிடும். ஆர்க்ஜிஐஎஸ் தன் எல்லையைத் தாண்டினால் தரவை வெட்டிவிட்டு, 'எல்லை மீறியது' என்ற ஒரு குறியைப் பதிலுக்குள் வைத்து அனுப்பும். அந்தக் குறியைப் பார்க்கச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தால்தான் தெரியும். இவை எதிலும் பிழைச்செய்தி கிடையாது.

ஆகவே முதல் வேலை, மொத்தம் எத்தனை வரி என்று ஏபிஐயிடமே கேட்பது. சிகேன் ஒவ்வொரு பதிலிலும் மொத்த எண்ணிக்கையை அனுப்புகிறது. மற்றவற்றில் எண்ணிக்கைக்கென்று தனிக் கோரிக்கை இருக்கும். அந்த எண்ணைப் பதிந்துகொண்டு, கடைசியில் கையில் வந்த வரிகளோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் நிரல் கத்திக்கொண்டு நிற்க வேண்டும், எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது.

இரண்டாவது வேலை, வரிசைப்படுத்தக் கேட்பது. எந்த ஒழுங்கில் தர வேண்டும் என்று சொல்லாவிட்டால், பின்னாலிருக்கும் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்கில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் பக்கத்தில் வந்த ஒரு வரி மூன்றாம் பக்கத்தில் மறுபடி வரும், இன்னொரு வரி எந்தப் பக்கத்திலும் வராது, மொத்த எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும்! எண்ணிக்கை ஒப்பிடுவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம். தனித்துவமான அடையாள எண்ணை வைத்து வரிசைப்படுத்தக் கேளுங்கள், முடிந்ததும் அந்த அடையாள எண் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஆஃப்செட், அதாவது எத்தனை வரியைத் தாண்டித் தொடங்க வேண்டும் என்ற எண், பெரிதாகப் பெரிதாகப் பல தளங்கள் திணறும். லட்சம் வரியைத் தாண்டிய தரவென்றால் 'கடைசியாக வந்த அடையாள எண்ணுக்கு மேற்பட்டவை' என்று வடிகட்டி எடுப்பது நல்லது. வேகமாகவும் இருக்கும், நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும்.

7. எல்லாவற்றையும் எழுத்தாகவே படியுங்கள், வகையை நீங்கள் சொல்லுங்கள்

சிஎஸ்வி கோப்பில் எண், தேதி என்ற வகையெல்லாம் கிடையாது, எல்லாமே எழுத்துதான். அதைப் படிக்கும் கருவி ஊகித்து வகை போடுகிறது, அந்த ஊகம்தான் கெடுக்கிறது.

'007' என்ற இடக்குறியீடு 7 ஆகிவிடும், அப்புறம் வேறு அட்டவணையோடு சேர்க்கும்போது பொருந்தாது. நாட்டுக் குறியீடுகளில் நமீபியாவின் இரண்டெழுத்துக் குறி 'என்ஏ'. பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் அதே இரண்டெழுத்தை 'மதிப்பு இல்லை' என்று இயல்பாகவே எடுத்துக்கொள்ளும், ஒரு நாடே மறைந்துபோகும். 16, 17 இலக்க அடையாள எண்களை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாகப் படித்தால் கடைசி இலக்கங்கள் மாறலாம், 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் அதனால் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைக்க முடியாது. எக்செலில் திறந்து சேமித்தால் இவற்றில் பலவும் கேட்காமலே நடக்கும், கூடவே தேதி மாதிரி தோன்றும் குறியீடுகள் தேதியாகவே மாறும். எக்செலைத் தொடாதீர்கள் என்றது இதனால்தான்.

ஆகவே எல்லா நெடுவரிசையையும் எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள், காலி மதிப்பு பற்றிய ஊகத்தையும் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் நீங்களே வகை சொல்லி மாற்றுங்கள். மாற்ற முடியாத மதிப்பு வந்தால் அதை அச்சிட்டு நிற்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் இந்த முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

காலி மதிப்புகள் தனிக் கதை. வெற்றிடம், கோடு, இரண்டு புள்ளி, -999, நட்சத்திரக்குறி என்று ஒரே கோப்பில் பல வடிவம் இருக்கும். எல்லாவற்றையும் 0 ஆக்குவது பெரிய தப்பு. நட்சத்திரக்குறி பல புள்ளிவிவரங்களில் 'எண்ணிக்கை மிகச் சிறியது, தனிநபரை அடையாளம் காணக்கூடாது என்பதால் மறைத்திருக்கிறோம்' என்பதைக் குறிக்கும். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மதிப்பு ஏன் இல்லை என்பதற்கு இன்னொரு நெடுவரிசை வைத்துக் காரணத்தைக் காப்பாற்றுங்கள்.

தேதியில் 03/04/2021 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதை ஒரு வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று நெடுவரிசை முழுக்கத் தேடுங்கள். எண்களில் 1.234 என்பது ஒன்று சொச்சமா, ஆயிரத்து இருநூற்றுச் சொச்சமா என்பது வெளியிடும் நாட்டின் வழக்கத்தைப் பொறுத்தது. வரைபடத் தரவு ஜியோஜேசன் என்ற வடிவில் வந்தால் நெடுங்கோடு முதலில், அகலாங்கு பிறகு. தலைகீழாகப் படித்தால் ஊர்கள் கடலில் போய் விழும்.

அடுத்து எழுத்துருவாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறை. யூடிஎஃப்-8 என்று நம்பித் திறந்து, பிழை வந்தால் 'பிழையைப் புறக்கணி' என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது எழுத்துகளைத் தின்றுவிடும். என்ன உருவாக்கம் என்று கண்டுபிடித்து அதையே சொல்லுங்கள். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி இருந்தால் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தாமல் படுத்தும், அதையும் பாருங்கள்.

தமிழ்ப் பெயர்களை வைத்து இரண்டு அட்டவணையைச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. 'கொ' என்ற எழுத்தில் வரும் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய பாமினி, டிஸ்கி போன்ற உருவாக்கத்தில் வந்த பிடிஎஃப் என்றால் எடுத்த எழுத்தை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். முடிந்தவரை பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டை வைத்தே சேருங்கள்.

8. காவல் சோதனைகள்

4-ஆம் படியில் எழுதிய குறிப்பை இப்போது நிரலாக்குங்கள். தனித்துவமான நெடுவரிசைகள் உண்மையில் தனித்துவமாக இருக்கின்றனவா, சதவீதம் 0-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கிறதா, பகுதிகளின் கூட்டல் மூலக்கோப்பின் 'மொத்தம்' வரியோடு பொருந்துகிறதா. கடைசியாகச் சொன்னதுதான் விலைமதிப்பற்றது. அந்த மொத்தம் வரியை எல்லோரும் வேகமாக நீக்கிவிடுகிறார்கள். நீக்கும் முன் அதை வைத்துச் சரிபாருங்கள்.

நெடுவரிசைப் பெயர்களின் பட்டியலையும் சோதனையில் வையுங்கள். அடுத்த மாதம் ஒரு பெயர் மாறும், அல்லது நடுவில் ஒன்று புதிதாக நுழையும். இடத்தை எண்ணிப் படிக்கும் நிரல் சத்தமில்லாமல் பக்கத்து நெடுவரிசையைப் படித்துவிடும்.

9. மறுபடி மறுபடி எடுக்கும்போது

அந்தச் சேவையகத்தை உங்களைப் போல இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள். கோரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் சிறிது இடைவெளி விட்டு அனுப்புங்கள். கோரிக்கையோடு போகும் யூசர் ஏஜென்ட் என்ற வரியில் உங்கள் திட்டத்தின் பெயரையும் தொடர்பு முகவரியையும் போடுங்கள். ஏதாவது தொந்தரவு என்றால் தடை போடும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்ப அவர்களுக்கு வழி இருக்கும்.

429 என்ற பதில் எண் வந்தால் அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். பதிலில் 'இத்தனை வினாடி கழித்து வா' என்று இருந்தால் அதை மதியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முயற்சிக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்குங்கள். 400, 404 வந்தால் மறுபடி முயற்சிப்பதில் பயனில்லை, அது உங்கள் கோரிக்கையின் தப்பு. கோப்பின் பதிப்புக்கு அடையாளமான ஈடேக்கைத் தளம் அனுப்பினால் அடுத்த முறை அதைத் திருப்பி அனுப்புங்கள். கோப்பு மாறவில்லையென்றால் 304 என்ற பதில் மட்டும் வரும், இரண்டு பக்கமும் மிச்சம்.

பழைய கோப்பின் மேல் புதியதை எழுதாதீர்கள். தற்காலிகப் புள்ளிவிவரம் பிறகு திருத்தப்படும், இது வழக்கமான நடைமுறை. போன மாதம் நீங்கள் சொன்ன எண் ஏன் மாறியது என்று யாராவது கேட்டால், இரண்டு கோப்பையும் கைரேகையோடு காட்ட முடிய வேண்டும்.

10. மற்றவர்கள் கையில் கொடுப்பது

சிஎஸ்வியை யூடிஎஃப்-8-இல் கொடுங்கள், கூடவே பார்க்கே அல்லது எஸ்கியூலைட் வடிவக் கோப்பு ஒன்று கொடுங்கள். பின்னவற்றில் வகையும் சேர்ந்தே போகும், உங்கள் 7-ஆம் படி வேலையை அடுத்தவர் மறுபடி செய்ய வேண்டாம். கோப்பின் முகவரி மாறாமல் இருக்கட்டும்.

மற்ற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரியாக வெளியிட்டால், முதல் எடுத்துக்காட்டு சாவி இல்லாமலே ஓட வேண்டும். பதிவு செய்து சாவிக்குக் காத்திருக்கும் இடத்தில்தான் புதியவர்கள் விட்டுப் போகிறார்கள். சாவி இல்லாமல் தராத தளமென்றால் ஒரு சின்ன மாதிரித் தரவை லைப்ரரிக்குள்ளேயே வையுங்கள். தரவைத் திருப்பித் தரும்போது மூல முகவரி, எடுத்த தேதி, உரிமம் மூன்றும் அதோடு ஒட்டியே வரட்டும். நெடுவரிசையின் பெயரை மாற்றினால் அது பெரிய மாற்றம், பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை ஏற்றுங்கள், ஏனென்றால் யாரோ ஒருவரின் நிரல் அதனால் நிற்கப்போகிறது.

சோதனைகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு தொகுதி, சேமித்து வைத்த பதில்களை வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடட்டும். இன்னொன்று உண்மையான தளத்தைத் தொட்டு வாரம் ஒரு முறை ஓடட்டும். முதலாவது தோற்றால் உங்கள் நிரலில் தப்பு, இரண்டாவது மட்டும் தோற்றால் தளம் மாறியிருக்கிறது.

நெடுவரிசை விளக்க அட்டவணையைக் கடைசிக்கு விடாதீர்கள். பெயர், பொருள், அலகு, காலியானால் என்ன அர்த்தம், இந்த நான்கு போதும். ஆயிரத்திலா லட்சத்திலா என்ற அலகு மட்டும் எழுதாமல் விட்ட ஒரு அட்டவணையால் ஒரு முழுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

11. தப்பைக் கண்டால் மூலத்துக்கு எழுதுங்கள்

உங்கள் சுத்தம் செய்யும் நிரலில் 'இந்த வரியில் தப்பு இருக்கிறது, இப்படித் திருத்து' என்று விதிவிலக்குகள் சேரத் தொடங்கும். அவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணமும் தேதியும் எழுதுங்கள். அந்தக் கோப்புதான் வெளியிட்ட அலுவலகத்துக்கு நீங்கள் எழுத வேண்டிய கடிதத்தின் பாதி.

கடிதத்தில் புகார் தொனி வேண்டாம். தொகுப்பின் பெயர், கோப்பின் தேதி, வரி எண், அங்கே என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு பிழை. அந்தக் கோப்பைத் தயாரிக்கிறவர் பெரும்பாலும் வேறு பத்து வேலைகளுக்கு நடுவே அதைச் செய்கிறவர். வரி எண்ணோடு வரும் கடிதத்தை அவரால் உடனே சரிபார்க்க முடியும். திருத்திவிட்டார்கள் என்றால் அடுத்த ஓட்டத்தில் உங்கள் விதிவிலக்கு பொருந்தாது. அப்போது நிரல் அதைச் சொல்லி நிற்கும்படி எழுதியிருங்கள், அந்த வரியை நீக்கிவிடலாம்.